உடைவதுதான் அதன் வேலை

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவை அழைத்துக்கொண்டு தேக்காவுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். கேம்பல் லேனில் கரும்புக் கட்டுகளுக்கும் மஞ்சள் கொத்துகளுக்கும் நடுவே மண்பானைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். விலை கேட்பதற்கு முன் அம்மா ஒன்று செய்வார். பானையை இடது கையில் ஏந்தி, வலது கை நடுவிரலை மடக்கி, அதன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டுவார். ‘ணங்’ என்று ஒலி நீண்டால் சரி. ‘டொக்’ என்று அடங்கிவிட்டால் பானை மறுபடியும் அடுக்குக்கே போய்விடும்.

இந்த ஆண்டு மூன்று பானைகள் அப்படித் திரும்பிப் போயின. கடைக்காரத் தம்பி சிரித்தார். “எல்லாம் ஒரே சூளையில சுட்டதுதான் பாட்டி.”

“சூளை ஒண்ணுதான் தம்பி. லாரியில வந்த வழியும் ஒண்ணா?” என்றார் அம்மா.

நான் சிரிக்கவில்லை. ஒருநாள் காலை எட்டு மணிக்கு, வேறு யாரும் வருவதற்கு முன்பு, ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். கையில் இருந்தது பானையன்று, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. தட்டியது பேனாவால். அன்று என் கை நடுங்கியது.

பட்டம் முடித்த கையோடு ஆய்வு உதவியாளராக அங்கே சேர்ந்திருந்தேன். பீங்கான் தட்டுகளின்மீது எஃகு உருண்டைகளை வேகமாக ஏவி, தட்டு எப்படி உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பெரிய துப்பாக்கி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைக்கப்பட்ட வாயு ஒரு தொட்டியில் இருக்கும். அடைப்பிதழ் திறந்ததும் நீண்ட குழாய் வழியே உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும். குழாயின் வாயில் இரண்டு லேசர் கதிர்கள். முதல் கதிரை உருண்டை மறைத்ததற்கும் இரண்டாவதை மறைத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுவோம். கனமான இரும்புப் பெட்டிக்குள் தட்டு நிற்கும். பெட்டியின் சன்னலுக்கு வெளியே வினாடிக்குப் பத்து லட்சம் படங்கள் எடுக்கும் கேமரா.

வேலையைப் பற்றி வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது: “சுட்ட மண்ணை மறுபடியும் சுடுறியா?”

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். “கை தவறி விழுந்தாலே உடையற சாமானை வச்சு எப்படிடா துப்பாக்கிக் குண்டைத் தடுப்பாங்க?”

அந்த இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆனது.

எவர்சில்வரும் பீங்கானும்

எவர்சில்வர் தம்ளர் விழுந்தால் நசுங்கும். பீங்கான் கோப்பை விழுந்தால் உடையும். இரண்டும் அணுக்களின் அடுக்குகள்தாம். உலோகத்தில் ஓர் அடுக்கு இன்னொன்றின்மீது வழுக்கி நகர முடியும். அடி வாங்கும்போது அந்த நகர்வு அடியின் ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது. பீங்கானில் அணுக்களின் பிணைப்பு மிக இறுக்கமானது, திசை மாறாதது. வழுக்குவதற்கு வழியில்லை. அதனால்தான் அது எஃகையே கீறும் அளவுக்குக் கடினமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் உடையவும் செய்கிறது.

நாங்கள் பயன்படுத்தியது அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. மோட்டார்சைக்கிள் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். மோதிரத்தில் சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல். அடிப்படைப் பொருள் ஒன்றே. தொழிற்சாலையில் அதன் தூளை அச்சில் அழுத்தி ஏறக்குறைய 1,600 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். குயவர் சூளையைவிட வெப்பம் மிக அதிகம் என்றாலும், தூளைச் சுட்டுக் கல்லாக்கும் வித்தை பழையதுதான்.

எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் உள்ளே நுண்துளைகளும் மயிரிழையைவிட மெல்லிய பிளவுகளும் இருக்கவே செய்யும். ஒரு பொருளின் பலத்தை முடிவு செய்வது அதன் அணுப் பிணைப்பன்று, அதிலுள்ள மிக மோசமான பிளவுதான் என்று 1921-இல் எழுதியவர் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர். கண்ணாடியை மிக மெல்லிய இழைகளாக இழுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய அதன் பலம் கூடியது. மெல்லிய இழையில் பெரிய பிளவுக்கு இடமில்லை என்பதுதான் காரணம்.

பிளவை விரிக்கும் விசை இழுவிசை. அழுத்தினால் பிளவின் இரு பக்கமும் ஒன்றோடொன்று நெருங்கி மூடிக்கொள்ளும். இழுத்தால் திறக்கும். எனவே பீங்கான் அழுத்தத்தை இழுவிசையைவிடப் பல மடங்கு தாங்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குண்டு வரும்போது தேவைப்படும்.

சலித்துச் சலித்து

சுடும் பகுதி ஒரு கண்ணிமைப்பு. மீதிப் பொழுதெல்லாம் கூட்டுவதும் சலிப்பதும்தான். பத்து சென்டிமீட்டர் சதுரம், ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஓர் அலுமினாத் தட்டின் எடை ஏறக்குறைய 390 கிராம். சுட்ட பிறகு முகமூடி அணிந்து, பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் தூரிகையால் பெருக்கி, அத்தனை கிராமையும் திரும்பச் சேர்க்க வேண்டும். பிறகு பெரிய கண், சிறிய கண் என்று அடுக்கிய சல்லடைகளில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு தங்கியது என்று நிறுக்க வேண்டும். “நாலு வருஷம் படிச்சது மாவு சலிக்கறதுக்கா?” என்று அம்மா கேட்டதில் தவறேதும் இல்லை.

ஆனால் சலித்தவனுக்குத்தான் ஒன்று புரிந்தது. இயந்திரத்தில் வைத்து மெல்ல அழுத்தி வளைத்து உடைத்த தட்டு இரண்டு மூன்று துண்டாகும். சல்லடையே தேவையில்லை. உருண்டையின் வேகம் கூடக் கூடத் துண்டுகள் பெருகும், சிறுக்கும். வேகமான சுடுதல்களுக்குப் பிறகு, பட்ட இடத்தைச் சுற்றிக் கிடந்தது துண்டுகள் அல்ல, மாவு.

பலமாக அடித்தால் அதிகம் உடையும், இதில் என்ன வியப்பு என்று நானும் நினைத்தேன். ஆற்றல் கூடுதல் என்பது பாதிக் காரணம்தான். மறு பாதி, நேரம்.

மெல்ல இழுக்கும்போது மிக மோசமான பிளவு முதலில் திறக்கிறது. அது திறந்தவுடன் அதைச் சுற்றியுள்ள பகுதியில் இறுக்கம் தளர்கிறது. பக்கத்துப் பிளவுகள் தப்பித்துக்கொள்கின்றன. ஆனால் இறுக்கம் தளர்ந்தது என்ற அந்தச் செய்தி பொருளுக்குள் ஒலியின் வேகத்தில்தான் போக முடியும். அலுமினாவில் அது வினாடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வேகமான மோதலில் விசை அதற்குள் எல்லா இடத்திலும் ஏறிவிடுகிறது. ஒரு வீட்டுச் சண்டை தீர்ந்துவிட்டது என்ற தகவல் தெருவுக்கு வருவதற்குள் எல்லா வீட்டிலும் சண்டை மூண்டுவிட்ட கதைதான். பெரிய பிளவு, சிறிய பிளவு என்ற வேறுபாடே இல்லாமல் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் திறக்கின்றன.

இந்தக் கருத்தின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. வெடிக்கும் எறிகுண்டின் உலோக ஓடு எந்த அளவுத் துண்டுகளாகச் சிதறும் என்ற கணக்கைப் பிரிட்டனில் நெவில் மோட் என்ற இயற்பியலாளர் போட்டார். முறிந்த இடத்திலிருந்து தளர்வு அலை புறப்பட்டுப் பரவுகிறது, அது எட்டாத இடத்தில்தான் அடுத்த முறிவு என்பது அவர் விளக்கம். வேறொரு துறை ஆய்வுக்காக 1977-இல் நோபெல் பரிசு பெற்றவர் இவர்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

துப்பாக்கிக் குண்டை வைத்து நாங்கள் சோதிக்கவில்லை. எங்கள் சோதனைகள் எதற்குப் பயன்படுகின்றன என்று படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

துளைக்கும் வகை ரைபிள் குண்டின் நடுவே கடினமான எஃகுக் கூர் இருக்கும். வேகம் வினாடிக்கு 800, 900 மீட்டர். கவசத்தில் முன்னால் பீங்கான் தட்டும், அதன் பின்னால் ஒட்டிய நார்ப் பலகையும் இருக்கும். பலகை கெவ்லார் போன்ற இழைகளால், அல்லது மிக வலுவான ஒருவகை பாலிஎதிலினால் செய்யப்படுகிறது.

குண்டு பட்டதும் அழுத்த அலை ஒன்று தட்டுக்குள் பாய்கிறது. ஒரு சென்டிமீட்டர் தடிமனைக் கடக்க அதற்கு ஒரு மைக்ரோவினாடி போதும், அதாவது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அழுத்தம்தானே, பீங்கான் தாங்கும். ஆனால் பின்புறம் மென்மையான பொருளில் மோதித் திரும்பும்போது அழுத்த அலை இழுவிசை அலையாக மாறிவிடுகிறது. பீங்கானுக்கு ஆகாதது அதுதான். உடைவு தொடங்குகிறது. எஃகுத் தகட்டின் ஒரு பக்கத்தில் வெடிவைத்தால் மறுபக்கத்திலிருந்து சில்லு பெயர்ந்து பறக்கும் என்று 1914-இல் கேம்பிரிட்ஜின் பெர்ட்ரம் ஹாப்கின்சன் காட்டியதும் இதே திரும்பும் அலையின் வேலைதான்.

கூடவே, குண்டு பட்ட இடத்திலிருந்து பின்பக்கம் நோக்கி விரியும் கூம்பு வடிவில் விரிசல் ஓடுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போய்க் கார் கண்ணாடியில் கல் வாங்கியவர்கள் இந்தக் கூம்பைச் சிறு அளவில் பார்த்திருப்பார்கள். கல் பட்ட புள்ளி கடுகளவு, உள்ளே பெயர்ந்தது அதைவிட அகலம். கவசத்தில் இந்தக் கூம்பு ஒரு வரம். ஊசிமுனைபோல் வந்த விசையைப் பின்பலகையின் அகலமான பரப்புக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

இதற்கிடையில் குண்டின் நிலைமையும் நன்றாக இல்லை. தன்னைவிடக் கடினமான பரப்பில் மோதியதால் அதன் மூக்கு நசுங்குகிறது. நல்ல தட்டாக இருந்தால் பத்து, இருபது மைக்ரோவினாடி வரை குண்டு உள்ளே நுழைய முடியாமல், முகப்பிலேயே பக்கவாட்டில் வழிந்து தேய்கிறது. அதற்குப் பிறகு நுழைந்தாலும் அதன் வழியில் இருப்பது பொடியாகிப்போன பீங்கான். பொடிதானே என்று விட்டுவிட முடியாது. சுற்றியிருக்கும் உடையாத பகுதியும் உறையும் விலக இடம் கொடுக்காததால், அந்தப் பொடி உப்புத்தாள்போல் குண்டை அராவுகிறது. கடைசியில் மிஞ்சிய மழுங்கிய துண்டையும் பீங்கான் சில்லுகளையும் நார்ப்பலகை பிதுங்கி வாங்கிக்கொள்கிறது. நாம் ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்தில் இது ஏறத்தாழ ஆயிரம் முறை நடந்து முடிந்துவிடும்.

ஆக, அம்மாவிடம் நான் சொன்ன பதில் இதுதான்: உடையாமல் தடுப்பதில்லை அம்மா, உடைந்துதான் தடுக்கிறது. உடைய எடுத்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குண்டையும் தன்னோடு சேர்த்து அழித்துவிடுகிறது.

“அப்ப ஒரு தடவைக்குத்தானா?” என்றார். மிகச் சரியான கேள்வி. அமெரிக்காவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட காவல்துறைக் கவச விதிகளில் மிக உயர்ந்த நான்காம் நிலைத் தட்டு, வினாடிக்கு 878 மீட்டர் வேகத்தில் வரும் துளைக்கும் குண்டு ஒன்றைத் தடுத்தால் போதும் என்றுதான் இருந்தது. தடுப்பது மட்டும் போதாது. தட்டுக்குப் பின்னால் ஒரு களிமண் கட்டியை வைத்து, அதில் விழும் பள்ளம் 44 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் பார்ப்பார்கள். களிமண் நிற்கும் இடத்தில்தான் மனித மார்பு இருக்கப் போகிறது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள், இங்கே இரண்டும் முன்னும் பின்னுமாக நிற்கின்றன.

எஃகை விட்டுவிட்டுப் பீங்கானைத் தேடியதற்கு முக்கியக் காரணம் எடை. அலுமினாவின் எடை அதே அளவு எஃகில் பாதி. போரான் கார்பைடு என்ற இன்னொரு பீங்கான் மூன்றில் ஒரு பங்குதான். எஃகின்மேல் மெல்லிய எனாமல் பூச்சு இருந்தாலே குண்டு தடுமாறுகிறது என்பது 1918-இலேயே கவனிக்கப்பட்டது. ஆனால் 1960களில், வியட்நாமில் தாழப் பறந்த ஹெலிகாப்டர்களின் விமானிகளைக் காக்க வேண்டிவந்தபோதுதான் பீங்கான் கவசம் இருக்கைகளில் ஏறியது. எஃகை ஏற்றினால் ஹெலிகாப்டர் எழும்பாது. அதே பத்தாண்டில் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் மார்க் வில்கின்ஸ் குழுவினர் இந்தக் கூம்பையும் அலைகளையும் கணினியிலும் சோதனையிலும் பின்தொடர்ந்து எழுதினார்கள்.

போரான் கார்பைடு பற்றி ஒரு சிறு பேச்சு, விலகல்தான், ஆனால் எனக்குப் பிடித்தது. வைரத்துக்கு அடுத்த வரிசையில் வரும் கடினம். ஆனால் மோதும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டரைத் தாண்டும்போது அது எதிர்பார்த்ததைவிட எளிதாகத் தோற்றது. ஏனென்று நீண்ட காலம் பிடிபடவில்லை. உடைந்த சில்லுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 2003-இல் காரணத்தை வெளியிட்டார்கள். அந்த அதிர்ச்சியில், சில நானோமீட்டர் அகலமே உள்ள பட்டைகளில் அணுக்களின் ஒழுங்கான அடுக்கு குலைந்து கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. தட்டு அந்தப் பட்டைகளின் வழியே வழிவிடுகிறது. துடைத்துப் போடும் தூளில்தான் அந்த விடை இருந்தது.

ஏழாம் எண் தட்டு

இனி என் கதை. வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம். என் மூத்த ஆய்வாளர் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண். முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். அதற்காக ஒரே வார்ப்பில் சுட்ட பன்னிரண்டு தட்டுகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தன. நான் எண் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவது, கை நழுவி, ஓரம் படச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அறையில் யாரும் இல்லை. துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் தூங்கினேன். விடியற்காலையில்தான் விழிப்பு வந்தது, உடனே நினைவுக்கு வந்தது அம்மாவின் விரல் முட்டி. முதல் ரயிலில் கிளம்பிப் போனேன். ஒவ்வொரு தட்டையும் நூலில் தொங்கவிட்டுப் பேனாவால் தட்டினேன். பதினொன்று மணிபோல் ஒலித்தன. ஏழாவதில் ஒலி சற்றே சீக்கிரம் அடங்கியது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்று இன்னும் நான்கு முறை தட்டினேன். தோற்றமில்லை.

இது பாட்டி வைத்தியமும் அல்ல. விரிசலின் இரு பக்கமும் உரசி அதிர்வை விழுங்குவதால் ஒலி குறுகுகிறது, சுருதியும் இறங்குகிறது. தட்டி ஒலியை அளக்கும் கருவிகள் தொழிற்சாலைகளில் உண்டு.

அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. சிவப்புச் சாயத்தைப் பூசி, பொறுத்திருந்து, துடைத்து, வெள்ளை மாவுபோன்ற ஒன்றைத் தெளித்தார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, முடியைவிட மெல்லிய சிவப்புக் கோடு எழும்பி வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

“இதையும் சுட்டுப் பார்ப்போம், தனியாக,” என்றார். குறைந்த வேகத்தில் சுட்டோம். அதே வேகத்தில் மற்றத் தட்டுகளில் பட்ட இடத்தைச் சுற்றி வளையம்போல் ஒரு விரிசல் மட்டுமே விழுந்திருந்தது. ஏழாவது, அந்தச் சிவப்புக் கோட்டின் வழியே இரண்டாகப் பிளந்தது. கிரிஃபித் சொன்ன மிக மோசமான பிளவை நானே கையால் செய்து வைத்திருந்தேன்.

பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இன்றும் உறுத்துகிறது. “இதை அதிவேக வரிசையில் வைத்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.” உண்மை. அந்த வேகத்தில் ஆயிரம் பிளவுகள் திறக்கும்போது என்னுடையது ஆயிரத்து ஒன்றாவது. தவறு மாவோடு மாவாகச் சல்லடையில் இறங்கியிருக்கும். எண் மட்டும் கொஞ்சம் பிசகியிருக்கும். அதை யாரும் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கவசத் தட்டில் இது எண்ணோடு நிற்கிற விஷயமில்லை. ஏற்கெனவே விரிசல் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் குண்டு பட்டால், கூம்பு முழுதாக விரியாது, பொடியை இறுக்கிப் பிடிக்க அந்தப் பக்கம் ஆளில்லை. அணிந்தவருக்கோ எதுவும் தெரியாது, தட்டு உறைக்குள் இருக்கிறது. லாரியிலிருந்து இறக்கும்போது விழுந்திருக்கலாம், யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம். அதனால் அமெரிக்க ராணுவம் பயன்பாட்டில் உள்ள தட்டுகளைத் திரும்ப வாங்கி, மருத்துவமனையில் எலும்பைப் பார்ப்பதுபோல் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறது. என் அக்கா மகன் அடுத்த ஆண்டு தேசிய சேவைக்குப் போகிறான். இந்தப் பத்தியை எழுதும்போது அவன் முகம் வந்து போனது.

என் மூத்த ஆய்வாளரின் ஆய்வேட்டில் அந்த வரிசையில் பதினொரு தட்டுகளே இருக்கின்றன. பன்னிரண்டாவது ஏன் இல்லை என்று அடிக்குறிப்பு ஒன்று, இரண்டே வரி, யார் பெயரும் இல்லை. நூலக அடுக்கில் அதைத் தேடிப் படித்திருக்கிறேன்.

பானைக் கதைக்கு வருகிறேன். நான்காவது பானையை வாங்கி, நாளிதழைச் சுற்றி, ரயிலில் அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கூட்டம் அதிகம். இரண்டு முறை யாரோ பை இடித்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், தண்ணீர்கூடக் குடிக்காமல், காகிதத்தைப் பிரித்து மறுபடியும் தட்டினார்.

“கேட்குதா?” என்று என்னைப் பார்த்தார்.

கேட்டது.